மீன்கடையில் ஒரு வெள்ளிக்கிழமை

“…வெள்ளிக்கிழமையும் அதுவுமா, கட்டின பெண்சாதியை ஆரும் மீன்கடைக்குக் கூட்டிக்கொண்டு வருவினமோ?” என்றாள் என் மனைவி.

முதற்பாதியில் அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது. தலைக்கு மேலே கத்திக்கொண்டு போன நீர்ப்பறவைகள் அதைக் கொத்திக்கொண்டு போய்விட்டன. ஆனால் பின்பாதியே எனக்குத் தாராளம். கையில் பிடித்திருந்த மெனு அட்டையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். வெள்ளிதான். எப்படி எண்ணினாலும் வெள்ளிதான் வந்தது.

எண்பத்தெட்டாம் ஆண்டு, ஆடி மாதம். லோசான் நகரத்துக்குக் கீழே, ஏரிக்கரையில் இருந்த கிரேக்கச் சாப்பாட்டுக்கடை அது. கடைக்காரர் கிரேக்க நாட்டுத் தீவொன்றில் பிறந்தவர். ஊரில் அவருடைய தகப்பனின் கடை கடற்கரை மணலிலேயே இருந்ததாம். இங்கே மணலுக்கு எங்கே போவது? இரண்டு லொறி மணல் இறக்கிக் கடைக்கு முன்னால் பரப்பியிருந்தார். கதிரைகளுக்கெல்லாம் நீலச்சாயம். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டி, எட்டுக்கால் கணவாய்களைச் சேலை காயப்போடுவது போலத் தொங்கவிட்டிருந்தார். வருகிறவர்களிடம் ஏரியைக் காட்டி, “கடல்தான், ஆனா டொக்டர் உப்பை நிப்பாட்டிப்போட்டார்” என்பார். அவர் பிரெஞ்சில் சொல்வது என் தலைக்குள் எங்கள் ஊர்த் தமிழிலேயே பதியும். அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கடையில் நான் மூன்று வருடமாகக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அப்படியில்லை. ஊரில் நான் யாழ்ப்பாணம் பெரியகடை வீதியில் ஒரு புடவைக்கடையில் நின்றவன். வெள்ளைச் சேட்டும் வாயும்தான் என் முதல். கலியாணம் முடித்து நாலாம் மாதம் வெளிக்கிட்டு வந்தேன். ‘வெளிநாட்டில கோப்பை கழுவுறானாம்’ என்று ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் சனத்தின் உதடு எந்தப் பக்கம் கோணும் என்பது எனக்குத் தெரியும். நானும் ஒருகாலத்தில் அப்படிக் கோணியவன்தான். ஆகவே, ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று மனைவி முதற்கடிதத்தில் கேட்டபோது, ‘ஒரு பெரிய கடையில் சமையல்’ என்று எழுதினேன். எழுதி முத்திரையும் ஒட்டிப் போட்டுவிட்டேன். மூன்று வருடம் அந்தப் பொய்க்குத் தீனி போட்டு வளர்த்தேன். இன்றைக்கு இந்த மீன் சமைத்தேன், நாளைக்கு அந்தச் சூப் என்று கழுவிய கோப்பைகளில் ஒட்டியிருந்ததை எல்லாம் நான் சமைத்ததாக எழுதினேன்.

அவள் அதை நம்பினாள். மூன்றாவதோ நாலாவதோ கடிதத்தோடு ஒரு சின்னப் பிள்ளையார் படம் வந்தது. கலண்டரில் வெட்டிய படம். ‘அடுப்புக்கு மேலே ஒட்டுங்கோ. கையைச் சுடாமல் அவர் பார்ப்பார்’ என்று எழுதியிருந்தாள். எனக்கேது அடுப்பு? கழுவுகிற தொட்டிக்கு மேலே, கண்ணுக்கு நேரே ஒட்டினேன்.

இப்போது அவளே வந்துவிட்டாள். கொழும்பு, அது இது என்று எத்தனையோ இடத்தில் மறிபட்டு, ஒரு கைப்பையும் ஒரு சூட்கேசுமாக வந்து சேர்ந்து மூன்று கிழமை. அந்த நேரம் பார்த்துப் பத்ரோன் என்னைக் கூப்பிட்டார். முதலாளியை அங்கே எல்லோரும் பத்ரோன் என்றுதான் கூப்பிடுவது.

“மூண்டு வருசமா என்ர கோப்பையைக் கழுவுறாய். ஒருநாள் அதில இருந்து சாப்பிட்டுப் பார். மனிசியையும் கூட்டிக்கொண்டு வா. வாற வெள்ளிக்கிழமை. அண்டைக்கு என்ர மச்சான் உனக்குப் பதிலா நிப்பான்.”

நான் உடனே தலையாட்டினேன். அந்த ஊரில் வெள்ளிக்கிழமைதான் மீனுக்குப் பெரிய நாள். அன்றைக்கு இறைச்சி தொடாத கத்தோலிக்கர்கள் குடும்பத்தோடு வருவார்கள். என் தொட்டி முழுக்கச் செதிலும் முள்ளுமாக இருக்கும். மூன்று வருடத்தில் வெள்ளிக்கிழமை எனக்கு மீன் நாளாகவே மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டில் மீன்சட்டியைக்கூட வெளியே எடுக்காத குடும்பத்தில் பிறந்தவன் நான் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

எனக்கிருந்த பயம் வேறு. பத்ரோன் தன் தீவு வழக்கத்தை இங்கேயும் விடவில்லை. அங்கே சாப்பிட வருகிறவர்கள் முதலில் குசினிக்குள் போவார்களாம். சட்டி மூடியைத் திறந்து பார்த்து, மீனைத் தூக்கிப் பார்த்து, இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்து இருப்பார்களாம். சுவிஸ்காரர்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு அதற்காகவே வரத் தொடங்கினார்கள். என் மனைவி குசினிக்குள் போனால் அடுப்பில் நிற்பது யார், தொட்டியில் நிற்பது யார் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

லோசானுக்குப் பக்கத்து ரெனானில் முன்பு என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிற வேலை. எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். “மனிசியை மேசையை விட்டு எழும்பவிடாத. குசினிக்கு முதுகு காட்டி இருத்து. முதலாளி வாய் திறக்க முதல் நீ ஓடர் குடுத்துப்போடு” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “இல்லாட்டி உண்மையைச் சொல்லிப்போடு. அதுக்குச் செலவு குறைவு” என்றார். நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன்.

அப்படித்தான் அந்தப் பின்னேரம் ஆறு மணிக்கு, வெயில் இன்னும் தலைக்கு மேலே நிற்க, அவளைக் குசினிக்கு முதுகு காட்டி இருத்தியிருந்தேன். மாம்பழ நிறச் சேலை. மணலில் சப்பாத்துப் புதைகிறதென்று கழற்றிக் கதிரைக்குக் கீழே வைத்திருந்தாள். பக்கத்து மேசைக்கு ஒரு முழு மீன் தலையும் வாலுமாகப் போனதைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“எனக்கு மறந்துபோச்சு அப்பா” என்றேன்.

“மீன் சமைக்கிற ஆளுக்கு வெள்ளி மறக்குமோ?”

பதில் சொல்வதற்குள் பத்ரோன் வந்துவிட்டார். இரண்டு கையையும் விரித்து, அவளுக்குத் தலைகுனிந்து வணக்கம் சொல்லி, என் தோளில் ஒரு அடி போட்டு, “உங்கட புருசன் மாதிரிக் கோப்பை கழுவுற ஆள் இந்த ஏரியைச் சுத்தி இல்லை” என்றார்.

“என்னவாம்?” என்றாள்.

“சமையலில கெட்டிக்காரனாம்.”

அவள் அவரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் குத்தியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“வெள்ளிக்கிழமை நான் மீன் தின்னன் எண்டு சொல்லுங்கோ. கோவிக்கவேண்டாமெண்டும் சொல்லுங்கோ.”

சொன்னேன். அவர் கயிற்றில் தொங்கியதைக் காட்டி, “அதுக்கென்ன, இது மீன் இல்லையே. ரத்தம் இல்லை. எங்கட பாதிரியாரே விரத நாளில சாப்பிடுவார்” என்றார்.

அதைத் தமிழில் சொன்னேன். அவள் கயிற்றை ஒருமுறை பார்த்தாள். “கணவாய் எந்த மரத்தில காய்க்கிறது எண்டு கேளுங்கோ.”

அதைப் பிரெஞ்சில் போட்டபோது பத்ரோன் சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கத்து மேசைகள் திரும்பின. “இந்த மனிசியை என்ர மனிசி பாக்கவேணும்” என்று சொல்லி, கையைக் குசினிப் பக்கம் நீட்டி, “வாங்கோ, வாங்கோ” என்று தன் தாய்மொழியிலோ எதிலோ அழைத்தார். எங்கள் ஆட்களுக்கு யாரும் ‘வாங்கோ’ என்றால் எழும்பாமல் இருக்கத் தெரியாது. அவள் எழும்பிவிட்டாள். வெறுங்காலோடு, சேலைக்கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணலில் அவருக்குப் பின்னால் நடந்தாள். எழும்பவிடாதே என்று சொன்ன அண்ணை அந்த நேரம் ரெனானில் நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருந்திருப்பார்.

குசினிக்குள் வலதுபக்கம் அடுப்பு. இடதுபக்கம் என் தொட்டி. பத்ரோனின் மச்சான் என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை நுரையோடு நின்றான். நல்ல பொடியன், வஞ்சகம் தெரியாதவன். என்னைக் கண்டதும் ஈரக்கையை உதறி, தொட்டியைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, அரசனுக்கு இடம்விடுவது போலக் குனிந்து விலகினான். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

விலகிய இடத்தில் பிள்ளையார் இருந்தார். மூன்று வருட நீராவியில் ஓரமெல்லாம் சுருண்டு, ஒரு காது வெளிறிப் போயிருந்தது. கீழே கொளுவியில் என் ரப்பர் கையுறைகள் தொங்கின.

அவள் படத்தைப் பார்த்தாள். கையுறைகளைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். நான் அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அடுப்பில் நின்றது பத்ரோனின் மனைவி. மதாம் என்று கூப்பிடுவோம். சமையல் முழுக்க அவர்தான். அவருடைய அடுப்பில் வேறொரு கை பட்டதை நான் கண்டதில்லை. என் மனைவி வெள்ளிக்கிழமை மீன் தின்னமாட்டாள் என்று பத்ரோன் சொன்னதும் மதாமின் கண் அகன்றது. வறுபட்டுக்கொண்டிருந்த மீனை நோக்கி விரலை ஆட்டினார். பிறகு அதே கையை நெஞ்சில் வைத்து, “நானும்தான்! எங்கட கிரேக்கச் சபையில வெள்ளியும் புதனும் மீன் இல்லை” என்றார். பின் அடுப்பில் ஓரமாக இருந்த ஒரு சின்னப் பானையின் மூடியைத் திறந்தார். பருப்பு. தோல் நீக்காத மைசூர்ப் பருப்பு, வெங்காயமும் ஒரு இலையும் போட்டு அவித்தது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தச் சின்னப் பானையைக் கழுவியவன் நான். அதில் ஒருநாளும் மீன் மணம் இருந்ததில்லை. ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மனைவி உள்ளங்கையை நீட்டினாள். மதாம் கரண்டியால் ஒரு சொட்டு விட்டார். நக்கிப் பார்த்தாள். எங்கள் பெண்கள் சாவீட்டில் காட்டுகிற அதே முகம். “பாவம், நல்ல பருப்பு. ஒருத்தரும் கவனிக்காமல் விட்டிருக்கினம்” என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நீங்கள் சமையல்காரர் எண்டெல்லோ எழுதினனீங்கள். தாளியுங்கோ பாப்பம்.”

குரலை உயர்த்தவில்லை. சிரிக்கவுமில்லை. மூன்று வருடக் கடிதங்கள் எல்லாவற்றையும் அந்த அடுப்பின்மேல் வைத்துவிட்டு அவள் விலகி நின்றாள். இதில் நான் தோற்றால் அந்தப் பொய் பொய்யாகவே எங்கள் வீட்டுக்குள் குடியிருக்கும் என்பது எனக்கு விளங்கியது.

எனக்குச் சமைக்கவே தெரியாதென்று இல்லை. ரெனான் அறையில் ஆறு ஆம்பிளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்தது நான்தான். ஆனால் அது எங்கள் அடுப்பு. இது மதாமுடையது. “மதாம், ஒரு ஐஞ்சு நிமிசம்…” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். என்ன விளங்கியதோ, அரையடி விலகினார். மூன்று வருடம் அந்தக் குசினியில் நின்ற எனக்கு அந்த அரையடி ஒரு காணி எழுதித் தந்தது போல இருந்தது.

வெங்காயம் இருந்தது. உள்ளி இருந்தது. கணவாய்க்குப் போடுகிற செத்தல் மிளகாய் ஒரு போத்தலில் இருந்தது. சீரகமும் அகப்பட்டது. கடுகு கேட்டேன், களிம்பு மாதிரி அரைத்த கடுகை எடுத்துத் தந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போதுதான் மனைவி கைப்பையைத் திறந்தாள். பாஸ்போர்ட் படத்துக்கும் பெர்மிற் கடுதாசிக்கும் நடுவிலிருந்து இரண்டு சின்னப் பொட்டலங்கள் வந்தன. ஒன்றில் கடுகும் காய்ந்த கறிவேப்பிலையும். மற்றதில் வறுத்த தூள்.

“இதையேன் கொண்டு திரியிறீர்?”

“உங்கட ஊர்ச் சாப்பாட்டை நம்பி வெளிக்கிடேலாது.”

ஒலிவ் எண்ணெயை ஊற்றினேன். “விரதத்தில எண்ணெயும் கூடாதெல்லோ?” என்று பத்ரோன் பின்னால் நின்று தன் மனைவியைச் சீண்டினார். “பாதிரியார் தூரத்தில” என்றார் மதாம். கடுகு வெடித்தது. மச்சான் பொடியன் துள்ளிப் பின்னால் போனான். வெங்காயம் வதங்கிச் சிவந்ததும் செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். அங்கேதான் பிழை விட்டேன். எங்கள் வீடுகளில் நாலுபக்கமும் காற்றுப் போகும். இங்கே ஒரே ஒரு கதவு, அதுவும் சாப்பிடுகிறவர்கள் பக்கம். மிளகாய்ப் புகை நேரே வெளியே போனது. முதலில் பத்ரோன் இருமினார். பிறகு முன் மேசை. பிறகு மணல் முழுக்க இருமல். யாரோ “நெருப்போ?” என்று கத்தினார்கள். ஒரு கதிரை விழுந்த சத்தம் கேட்டது.

வேலையும் போச்சு, மானமும் போச்சு என்று அடுப்பை அணைக்கப் போனேன். “நிப்பாட்டாதேங்கோ” என்றாள் பக்கத்திலிருந்து. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தாள். “இப்ப நிப்பாட்டினா கருகினதுதான் மிச்சம். கறிவேப்பிலையைப் போடுங்கோ.”

போட்டேன். தூளில் ஒரு கரண்டி போட்டேன். அப்படியே பருப்புக்குள் கவிழ்த்தேன். சீறி அடங்கியது. புகை போய் மணம் வந்தது. என்ன மணம் என்று எழுதிக் காட்ட முடியாது. ஏரிக்கரையில் இருந்த அத்தனை பேரும் இருமலை நிறுத்திவிட்டுக் கழுத்தைத் திருப்பிய மணம்.

மதாம் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். இரண்டாவது எடுத்தார். மூன்றாவதுக்குப் பிறகு கண்ணைத் துடைத்தார். மிளகாய்தான் காரணம், நான் கூட்டிச் சொல்லவில்லை. “முப்பது வருசம் விரதம் பிடிச்சிருக்கிறன். இண்டைக்குத்தான் விரதத்தில சாப்பிட்டிருக்கிறன்” என்றார்.

திராட்சை இலையில் சுற்றுவதற்கென்று அவர் அவித்து வைத்திருந்த சோறு இருந்தது. அதில் இரண்டு கோப்பை போட்டு, பருப்பை ஊற்றி, தோடம்புளிப் பிஞ்சு மாதிரியான அவர்களுடைய ஊறுகாய் ஒலிவ்காயும் வைத்து, நானே மேசைக்குக் கொண்டுவந்தேன். மனைவி முள்ளுக்கரண்டியை எடுத்துத் துடைத்து, பக்கத்தில் நேராக வைத்தாள். பிறகு கையால் பிசைந்து சாப்பிட்டாள். கூசவில்லை. அவள் கை போகிற அழகைப் பக்கத்து மேசை பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்த மேசையில் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற ஒரு கிழவி, தனியே வந்து தனியே சாப்பிட்டுப் போகிறவர், தன் முழுமீனைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “எனக்கு அது வேணும், அந்த அம்மா சாப்பிடுறது” என்றார். பத்ரோன் ஓடினார். அவருக்குப் பின்னால் இன்னொரு மேசை கைகாட்டியது. பிறகு இன்னொன்று. மெனுவில் இல்லாத, மதாமின் விரதப் பானை அரைமணி நேரத்தில் அடிதெரிந்தது. கடைசியாகக் கேட்ட குடும்பத்துக்கு இல்லையென்று சொல்ல வேண்டிவந்தது. மீன்கடையில் மீனிருக்கப் பருப்பு முடிந்துபோன கதையை அந்தக் கரையில் பலநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

பத்ரோன் வந்து எங்கள் மேசையில் இருந்தார். வேலை நேரத்தில் அவர் இருந்து நான் கண்டதில்லை. “வாற வெள்ளி பெரிய பானை வைப்பம். நீ அடுப்பில நில்” என்றார். “கோப்பையை?” என்றேன். “மச்சான் பழகியிட்டான்” என்றார். உள்ளேயிருந்து மச்சான் பிரெஞ்சில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான்.

“என்னவாம்?” என்றாள் மனைவி.

இந்த முறை பத்ரோன் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். பிறகு, முதலில் அவர் சொன்னதையும், ஏரியைச் சுற்றி என்னைப்போலக் கோப்பை கழுவுகிறவன் இல்லை என்றதையும் சொன்னேன். மூன்று வருடம் எழுதிய கடிதங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். விரலில் இன்னும் பருப்பு இருந்தது.

“படத்தைப் பாத்தவுடனேயே விளங்கிச்சு. அடுப்புக்கு மேல ஒட்டினா எண்ணெய் பிடிக்கும். இது தண்ணியில ஊறிக் கிடக்குது” என்றாள். “கோப்பை கழுவுறதுக்கு நான் கோவிக்கேல்லை. அதை என்னட்டை ஒளிச்சதுக்குத்தான். வீட்டை போய்க் கதைப்பம்.” பிறகு, “ஆனா பழைய காயிதங்களைத் திருத்தத் தேவையில்லை. சமையல்காரர் எண்டு எழுதினது இண்டைக்கு வந்து சேர்ந்திட்டுது” என்றாள்.

சொல்லிவிட்டு எழும்பினாள். இந்த முறை ஒருவரும் ‘வாங்கோ’ என்று கூப்பிடவில்லை. மணலில் வெறுங்காலோடு நடந்து, நேரே குசினிக்குள் போனாள். நான் பின்னால் ஓடினேன். மச்சானைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டி, தொட்டியில் கையைக் கழுவி, நகத்தால் ஓரம் ஓரமாகக் கெல்லிப் பிள்ளையாரைக் கிழியாமல் உரித்தெடுத்தாள். மதாமின் மாவுப் பெட்டிக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு கிள்ளு எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு குழைத்துப் பசையாக்கினாள். நுனிக்காலில் எம்பி நின்று, அடுப்புக்கு மேலே, புகைபிடித்த சுவரில் படத்தை ஒட்டி, வெளிறிய காதை மட்டும் கட்டைவிரலால் கொஞ்சநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.